பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு கோடு

பியாட்ரிஸ் காஸ்பர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஆள். அவளுடைய நியமன உத்தரவில் பதவியின் பெயரே அதுதான். கணிதம் படித்த ஆறேழு பெண்கள் ஒரு நீளமான அறையில் உட்கார்ந்து, கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷின்களைக் கறகறவென்று ஓட்டி, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கணக்கிடுவார்கள். அடையாற்றுப் பக்கம் இருந்த அந்த நீராய்வு அலுவலகத்தில் அறுபதுகளின் கடைசிவரை அப்படித்தான் வேலை நடந்தது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது வலது தோள்பட்டை மட்டும் தனியாக வலிக்கும்.

பிறகு நிஜமான மெஷின் வந்தது. மற்றப் பெண்கள் கல்யாணமாகியும் மாற்றலாகியும் போய்விட்டார்கள். பியாட்ரிஸ் மட்டும் தங்கினாள். கையால் போட்டுவந்த கணக்கையே ஃபோர்ட்ரான் மொழியில் எழுதி, அட்டையில் துளை போட்டு, மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பதவியின் பெயர் மாறியது. தோள்பட்டை வலி போய்க் கண்வலி வந்தது.

சாந்தோமில் பிறந்து, சாந்தோமில் படித்து, சாந்தோமிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள் அவள். கணவர் காஸ்பர் பையன்கள் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். ஒரே மகள் நோரா கன்னியர் மடத்தில் சேர்ந்து பெங்களூர் போனபிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அலுவலகம் விட்டு வந்தால் பியாட்ரிஸ் சேலைகூட மாற்றாமல் கட்டிலில் விழுந்து, காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு கொஞ்சநேரம் கூரையைப் பார்ப்பாள். காஸ்பர் காப்பி போட்டுக்கொண்டுவந்து தலைமாட்டில் வைப்பார். நாற்பத்தைந்து வயதில் இது போதும் என்று இருவருக்குமே தோன்றியிருந்தது.

அவள் பார்த்த வேலைகளில் ஒன்றை இங்கே விளக்கிச் சொல்லவேண்டும். ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு கழிவுநீர்த் தொட்டியும், அதற்கு ஒரு மதகும் இருந்தன. ஆற்றுநீர் கடலை நோக்கி ஓடும் நேரம் பார்த்து மதகைத் திறந்தால் தொட்டியில் தேங்கிய அழுக்கெல்லாம் கடலுக்குப் போய்விடும். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும் நேரத்தில் திறந்திருந்தால் அத்தனையும் திரும்பி, கரையோரக் குப்பத்தின் வாய்க்காலில் புகும். எப்போது எந்தப் பக்கம் ஓட்டம் என்று அரை மணிக்கு ஒரு வரியாகக் கணக்கிட்டு, வாராவாரம் மதகுக்குத் தாள் அனுப்புவது பியாட்ரிஸின் பொறுப்பு. வெளியே போகும் தண்ணீருக்கு வெறும் எண். உள்ளே வரும் தண்ணீருக்கு, எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ்.

ஓட்டத்தின் எண்கள் வேறோர் அலுவலகத்திலிருந்து துளையிட்ட அட்டைகளாக வரும். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்துக்கு மேல் அவர்கள் கொடுப்பதில்லை. தண்ணீர் திரும்பும் சமயத்தில் ஓட்டம் அநேகமாக நின்றுபோகும். உள்ளே வர ஆரம்பித்த மிகச் சிறிய ஓட்டத்தை அவர்கள் சுருக்கி எழுதினால், அட்டையில் மைனஸ் பூஜ்யம் என்று விழும். ஒன்றுமில்லை, ஆனால் உள்ளே வருகிற ஒன்றுமில்லை.

மதகைப் பார்த்துக்கொண்ட மண்ணாங்கட்டி என்பவர் முதல்முதல் அந்த வரியைப் பார்த்ததும் தாளோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னா மேடம் இது? ஒண்ணுமே இல்லாததுக்கு முன்னாடி கோடு போட்டுகீது?"

"தண்ணி திரும்ப ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். கோடு இருந்தா மூட ஆரம்பிச்சிடுங்க."

"கோடு கீதுன்னா மூடு. அவ்ளோதானே? அத்த மொதல்லயே சொல்லிக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். கைச்சக்கரத்தைச் சுற்றி அந்த மதகை மூட அரை மணி பிடிக்கும். ஆகவே கோடு முதலில் தெரியும் வரியிலேயே அவர் சக்கரத்தில் கைவைத்தாக வேண்டும். வைத்தார். வருஷக்கணக்கில் ஒரு குறையும் வரவில்லை.

எழுபத்தெட்டில் அலுவலகத்துக்கு இன்னொரு புது மெஷின் வந்தது. அதோடு அப்துல் கஃபார் என்ற புதுத் தலைமை அதிகாரியும் வந்தார். மென்மையான மனிதர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை எதுவும் நடக்காமல் இருந்தால் நல்லது என்பது அவர் முகத்திலேயே எழுதியிருக்கும். அவர்தான் பியாட்ரிஸைக் கூப்பிட்டு, அமெரிக்காவிலிருந்து ஒரு பேராசிரியர் டேப்பில் கொண்டுவந்த புது மொழியைப் பற்றிச் சொன்னார். மொழியின் பெயர் ஓர் எழுத்துதான். சி.

"இதுல ஒரு தடவை எழுதினா போதுமாம் மிஸஸ் காஸ்பர். எந்த மெஷின்லயும் ஓடுமாம்."

போன தடவையும் இதைத்தான் சொன்னார்கள் என்று பியாட்ரிஸ் சொல்லவில்லை. அவருடைய கவலை அவளுக்குப் புரிந்தது. வெயில் காலத்தில் மெஷின் அறையின் ஏசி அடிக்கடி படுத்துவிடும். அப்போதெல்லாம் அட்டைக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த கல்வி நிலையம் ஒன்றுக்குப் போய் அவர்களுடைய மெஷினில் ஓட்டிக்கொண்டு வரவேண்டும். அது வேறு கம்பெனி மெஷின். ஒவ்வொரு முறையும் பத்து இடத்தில் மாற்றவேண்டும். சி வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஆக, அதே கணக்கை அவள் மூன்றாவது முறையாக எழுதினாள். முதலில் கை, பிறகு ஃபோர்ட்ரான், இப்போது இது. மதிய இடைவேளையில் மெஷின் சும்மா கிடக்கும் நேரம்தான் அவளுக்குக் கிடைத்தது. டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிய நாட்கள் உண்டு.

எழுதி முடிக்கும் தறுவாயில் ஒரு கூட்டம் நடந்தது. கோட்டையிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர் பழைய தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பூஜ்யத்துக்கு எதுக்கும்மா மைனஸ்? என் பேரன் இப்படி எழுதினா வாத்தியார் காதைத் திருகுவார்." மேசையைச் சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். பியாட்ரிஸ் விளக்க வாயெடுத்தாள். அதற்குள் பக்கம் புரண்டுவிட்டது.

அன்று மாலை அவள் ஒரு முடிவு செய்தாள். எண்ணே வேண்டாம். மண்ணாங்கட்டியும் கண் சுருக்கிக் கோடு தேடவேண்டாம். ஓப்பன், ஷட் என்று பெரிய எழுத்தில் இரண்டே சொல் போடலாம். மெஷினுக்கு அவள் சொன்னது இதுதான்: எண் பூஜ்யத்தைவிடக் குறைவென்றால் ஷட், இல்லையென்றால் ஓப்பன். யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். தாள் அழகாக வந்தது. கஃபார் பார்த்துவிட்டு, "இதை நான்தான் கேட்டேன்னு கோட்டையில சொல்லிக்கலாம் போல இருக்கு" என்று சந்தோஷப்பட்டார்.

தேவானை பியாட்ரிஸ் வீட்டு வாசலில் மீன் இறக்குபவள். குப்பத்துக்காரி. காஸ்பர் வாத்தியார் என்பதால் பியாட்ரிஸ் அவளுக்கு வாத்தியாரம்மா; இந்த அம்மாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு எங்கே போகிறாள் என்று அவள் கேட்டதில்லை. அந்த ஜூன் மாதத்தில் ஒருநாள் மிகவும் தாமதமாக வந்தாள். சேலை முட்டிவரைக்கும் நனைந்திருந்தது.

"இன்னா தேவானை, கடலுக்கு நீயே போய்ட்டு வந்தியா?" என்றார் காஸ்பர்.

"நீ வேற நைனா. வூட்டுக்குள்ள கறுப்புத் தண்ணி பூந்துட்ச்சி. அடுப்பு, துணிமணி, அல்லாம் நாறிக்கினு கீது. காலைலேர்ந்து மொண்டு மொண்டு ஊத்திக்கினே கீறேன். பேஜாராப் பூட்ச்சி."

"மழைகூட இல்லையே" என்றாள் பியாட்ரிஸ். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காரப்பொடி மீனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு ஓடினாள்.

அடுத்த வாரம் மறுபடியும் இதே பேச்சு. அதற்கடுத்த வாரமும். பியாட்ரிஸ் 'ஐயோ பாவம்' என்றாள், 'யார்கிட்டயாவது சொல்லுங்களேன்' என்றாள். தினமும் பஸ்ஸில் புதுப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றுமுகம் கண்ணில் படும். மணல்திட்டும், அதற்கப்பால் வெள்ளையாக அலையும். தூக்கக் கலக்கத்தில் பார்ப்பாள். தன் மேசையில் அடிக்கப்படும் தாளுக்கும் தேவானையின் அடுப்புக்கும் நடுவே இருந்தது இந்த ஆறுதான் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

தோன்றவைத்தவர் காஸ்பர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொன்னார்:

"அமாவாசை, பௌர்ணமின்னா தண்ணி ஏறும். அது சகஜம். நேத்தும் தேவானை வீட்டுல தண்ணியாம். நேத்து ரெண்டும் இல்லையே பியா. சும்மா ஒரு சனிக்கிழமை. எப்படி ஏறுது?"

பியாட்ரிஸ் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "மதகு திறந்திருந்தா ஏறும்" என்றாள் மெதுவாக. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அன்றைக்குக் காஸ்பர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு மதகுக்கு நடந்தாள். மண்ணாங்கட்டி பூவரச நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

"தண்ணி திரும்பினப்புறமும் மதகு திறந்திருக்கா?"

"ஆமா மேடம். இப்பல்லாம் டெய்லி."

"ஏன் மூடலை?"

அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். "ஓப்பன்னு போட்டுகீது பாருங்க. நீங்க போட்டதுதானே?"

"தண்ணி உள்ள வர்றது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியாம இன்னா? தக்கை ஒண்ணு மெதந்துக்கினு இப்டிக்கா வரும், பாத்துக்கினே நிப்பேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "போன ஆபீசர் இருந்தப்ப ஒருதபா நானா மூடினேன் மேடம். மெமோ குடுத்தாங்க. இன்க்ரிமென்ட்டை நிறுத்திட்டாங்க. இனிமே எனக்கு எதுக்கு வம்பு? பேப்பர்ல இன்னா கீதோ அத்த செய்றேன்."

தாளை வாங்கி அந்த வரியைப் பார்த்தாள். ஓப்பன். பழைய தாளாக இருந்தால் அங்கே ஒரு கோடு இருந்திருக்கும். ஷட் அடுத்த வரியில்தான் இருந்தது; அதன்பிறகு சக்கரம் சுற்ற இன்னும் அரை மணி.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அட்டைக்கட்டைத் தேடி எடுத்தாள். அந்த அரை மணிக்குரிய அட்டையில் மைனஸ் பூஜ்யம் இருந்தது. மெஷினிடம் அவள் கேட்டிருந்த கேள்வி, இந்த எண் பூஜ்யத்தைவிடக் குறைவா? மெஷின் சொன்ன பதில், இல்லை, பூஜ்யம் பூஜ்யத்தைவிடக் குறைவில்லை. மெஷின்மேல் ஒரு தப்பும் சொல்லமுடியாது. அவள் அட்டையை மேசைமேல் வைத்தாள். மண்ணாங்கட்டிக்கு எளிதாக இருக்கட்டும் என்று செய்தது. யாரும் சிரிக்கக்கூடாது என்று செய்தது.

கஃபாரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூஜ்யம் வந்தாலே மூடச் சொல்லிடலாமே?"

"முடியாது சார். வெளிய போக ஆரம்பிக்கும்போதும் பூஜ்யம் வரும். அப்ப மூடியிருந்தா தொட்டி நிரம்பி இந்தப் பக்கம் தெருவுல வழியும். எந்தப் பூஜ்யம்னு தெரியணும்."

"அவங்களை இன்னும் ஒரு இலக்கம் கூடுதலாக் கொடுக்கச் சொன்னா?"

"கடிதம் எழுதலாம் சார். பதில் வர்றதுக்குள்ள மழைக்காலம் வந்துடும்."

அவர் பெருமூச்சு விட்டார். "நீங்களே ஏதாவது பண்ணுங்க."

அவள் பண்ணினாள். எண்ணை எண்ணாகப் பார்க்காமல், மெஷினின் நினைவகத்தில் அது எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தாள். ஒன்றும் பூஜ்யமுமான வரிசையாகக் கிடந்தது. அதில் முதல் இடத்தில் ஒன்று இருந்தால் மைனஸ். எண்ணின் அளவு பூஜ்யமாகவே இருந்தாலும் அந்த முதல் இடத்தில் கோடு பத்திரமாக இருந்தது. சி மொழியில் அந்த ஓர் இடத்தை மட்டும் தொட்டுப் பார்க்க வழி உண்டு. மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து அதை எழுதி, ஓட்டி, சரிபார்த்தாள். சரியாக வந்தது. வெகுநாளைக்குப்பின் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"வேற மெஷின்லயும் இது ஓடும்தானே?" என்று கஃபார் கேட்டார்.

"சி-தானே சார். ஓடும்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வரிசையில் முழங்காலிட்டு இருக்கும்போது இதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். என்ன பாவம் என்று சொல்வது? பொய் சொல்லவில்லை, திருடவில்லை. வழக்கமாகச் சொல்கிற கோபத்தையும் சோம்பலையும் சொல்லிவிட்டு எழுந்துவந்தாள்.

மூன்று வாரம் தேவானை தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. சங்கரா மீன் விலையைப் பற்றி மட்டுமே பேசினாள். பிறகு ஏசி படுத்தது. வழக்கம்போல அட்டைக்கட்டு கல்வி நிலையத்துக்குப் போனது. அங்கே அவள் சி-யில் எழுதிய நிரல் ஒரு மாற்றமும் இல்லாமல் ஓடியது. கஃபாருக்கு வாயெல்லாம் பல். ஏசி சரியாகிற வழியாக இல்லை. அடுத்த வாரத் தாளும் அங்கேயே அடிக்கப்பட்டது.

அந்த இரண்டாம் வாரம் முழுக்கத் தேவானை வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பியாட்ரிஸ் முதலில் நினைத்தாள். பிறகு, இரண்டு வாரமாகத் தாள் வேறு மெஷினில் அடிக்கப்படுவது நினைவுக்கு வந்தது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து பாலத்துப் பக்கமே இறங்கி, விசாரித்துக்கொண்டு குப்பத்துக்குள் போனாள்.

வாய்க்கால் ஓரத்துக் குடிசை. வாசலில் இருந்த மண் கறுப்பாக, கொழகொழவென்று கிடந்தது. பாயும் துணியும் கூரைமேல் காய்ந்தன. தேவானை திண்டாடிப்போயிருந்தாள், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. அரிசிமூட்டை நனைந்துபோய், அதைக் கொட்ட மனசில்லாமல் ஒரு சாக்கில் பரப்பிவைத்திருந்தாள்.

"வாத்தியாரம்மா, நீ எங்க இங்க?"

"வரலையேன்னு பாக்க வந்தேன்."

"எத்த வச்சிக்கினு வர்றது? கூடை, தராசு அல்லாம் அடிச்சிக்கினு பூட்ச்சி. தூங்கினு கீறப்ப வந்துட்ச்சி."

உட்காரச் சொல்லி ஒரு பலகையைத் தட்டிப்போட்டாள். பியாட்ரிஸ் உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லாமல் எழுந்துபோக முடியாது என்றும் தோன்றியது.

"தேவானை, மதகை எப்ப திறக்கணும், எப்ப மூடணும்னு ஒரு தாள் போடுவாங்க. அந்தத் தாளை நான்தான் போடறேன். அதுல தப்பாயிடுச்சு. அதனாலதான் இந்தத் தண்ணி."

தேவானை அவளை நிமிர்ந்து பார்த்தாள். கத்துவாள், கூட்டம் சேர்ப்பாள் என்று பியாட்ரிஸ் எதிர்பார்த்தாள். அவள் கண்ணில் வேறெதுவோ மின்னியது.

"நீ கெவுருமெண்ட்லயா கீற?"

"ஆமா."

"சொல்லவே இல்ல பாத்தியா! அப்போ கோட்டூர்புரத்தாண்ட கட்றாங்களே, மாடிவூடு, அதுல எனக்கு ஒண்ணு வாங்கிக் குடேன். உனக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்கல்ல."

"நான் அந்த ஆபீஸ் இல்லம்மா. நான் வெறும் கணக்கு போடறவ."

"அல்லாம் ஒரே கெவுருமெண்ட்டுதானே?" தேவானை பக்கத்தில் குந்திக்கொண்டாள். "தாள்ல தப்புன்ற, சரியாப் போடு. ஆனா ஒண்ணு, தாள்ல சரியாப் போட்டாலும் அமாவாசைக்குத் தண்ணி வரும், மழைக்கு வரும். மாடிக்கு வருமா? அத்தப் பாரு மொதல்ல."

தன் குற்றத்தை இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்து இறக்கினால், இறக்கிய இடத்தில் அதைத் தொடக்கூட ஆளில்லை. பியாட்ரிஸுக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க ஓர் அசதிதான் வந்தது. 'பாக்கறேன்' என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் கல்வி நிலையத்து மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மைனஸ் பூஜ்யம் என்று ஓர் அட்டையைக் கொடுத்து, உள்ளே அது எப்படிக் கிடக்கிறது என்று அச்செடுத்துப் பார்த்தாள். வெறும் பூஜ்யம். முதல் இடத்திலும் பூஜ்யம். அட்டையிலிருந்து எண்ணாக மாற்றும்போதே இந்த மெஷின் கோட்டை விழுங்கிவிடுகிறது. அவளுடைய அலுவலக மெஷின் அதை வைத்துக்கொள்கிறது. ஒன்றின் வழக்கம் அப்படி, இன்னொன்றின் வழக்கம் இப்படி. சி எந்த மெஷினிலும் ஓடும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஓடத்தான் செய்தது. தவறான விடையைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடியது.

இங்கே எங்கே போய்க் கோட்டைத் தேடுவது? கோடே இல்லை. அன்று முழுக்க என்னென்னவோ செய்துபார்த்தாள். எண்ணைத் திருப்பிப் பார்த்தாள், வகுத்துப் பார்த்தாள்; பூஜ்யத்தால் வகுத்ததும் மெஷின் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது. அதை இயக்கும் ஜவஹர் என்பவர் வந்து, "போதும் மேடம், இன்னொரு தடவை நின்னா எனக்குத்தான் திட்டு விழும்" என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக எழுதிவிடலாமா என்று யோசித்தாள். இந்த மெஷினில் எழுதவே ஒன்றுமில்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது.

அட்டைகளை அடுக்கி ரப்பர் போடும்போது அந்த அட்டை மேலே இருந்தது. வெளிச்சத்தில் துளைகள் தெரிந்தன. மைனஸுக்கு ஒரு துளை, பூஜ்யத்துக்கு ஒரு துளை. அது இன்னும் எண் ஆகவில்லை, எழுத்துதான். எழுத்தாக இருக்கும்வரை எந்த மெஷினும் அதை விழுங்குவதில்லை. கோடு என்ற எழுத்தைக் கோடாகவே படித்துத் தருகிறது. ஃபோர்ட்ரான் காலத்தில் அட்டையின் எழுத்தை அப்படியே அச்சிட்டதால்தான் இங்கே ஓட்டியபோதும் கோடு தப்பியிருந்தது. பிறகுதானே மாற்றுவது? மாற்றுவதற்கு முன்னாலேயே பார்த்து, மைனஸ் இருந்தது என்று தனியாகக் குறித்துவைத்துக்கொண்டால்?

பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. முதல் நாளே தோன்றியிருக்கவேண்டியது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆயாசமாக இருந்தது.

அடுத்த நாள் எழுதினாள். சின்ன வேலை. ஓட்டத்தின் அளவு ஒரு பக்கம், திசை ஒரு பக்கம். இரண்டும் கடைசிவரை தனித்தனியாகவே போகும். மெஷினிடம் கோட்டைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. இரண்டு மெஷினிலும் ஓட்டி, இரண்டு தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றாகவே இருந்தன.

கஃபார் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான் சார்."

அவள் நடந்ததை எல்லாம் ஒரு குறிப்பாக எழுதி அவர்முன் வைத்தாள். அவர் வெகுநேரம் படித்தார். இதை மேலே அனுப்பினால் கேள்வி வரும், அனுப்பாவிட்டால் வராது. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. கடைசியில் பேனாவை எடுத்து, 'என் அனுமதியோடு செய்த மாற்றம்' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டட்டும் மிஸஸ் காஸ்பர்." யாரும் திட்டவில்லை. யாரும் படித்ததாகவே தெரியவில்லை.

மண்ணாங்கட்டிக்காக அவள் இன்னொன்றும் செய்தாள். தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: தண்ணீர் உள்ளே வருவதைக் கண்ணால் கண்டால், தாளில் என்ன இருந்தாலும் மூடலாம். அதற்கும் கஃபாரின் கையெழுத்தை வாங்கினாள். மண்ணாங்கட்டி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது மெய்யாலுமா மேடம்? அப்பால மெமோ வராதே?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

தேவானை புதுக் கூடையோடு திரும்ப வந்தாள். சும்மா நாட்களில் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. "மாதா கோயில்ல மெழுவத்தி ஏத்தினேன், அத்தொட்டு நின்னுச்சி" என்றாள். பியாட்ரிஸ் மீனுக்குக் காசை எண்ணிக் கொடுத்தாள். அமாவாசைக்கு வந்தது. அக்டோபர் மழைக்கு வந்தது. வந்த மறுநாள் எல்லாம் தேவானை வாசலில் கூடையை இறக்கியதும் கேட்பாள், "வூட்டைப் பத்திக் கேட்டியா?"

கடைசியில் பியாட்ரிஸ் ஒரு நாள் லீவு எடுத்து அவளைக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனாள். பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் ஒருவர் வந்து, இந்தக் குப்பம் இங்கே வராது, வேறு பிரிவில் கேளுங்கள் என்றார். வேறு பிரிவில் ஆள் இல்லை. வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். பியாட்ரிஸ் கொண்டுபோயிருந்த எலுமிச்சை சாதத்தை இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"நீ கணக்குல பெரிய ஆளுன்னு வாத்தியார் சொன்னாரு" என்றாள் தேவானை. "இவங்களாண்ட ஒண்ணும் வேலைக்காவல பாத்தியா."

"வியாழக்கிழமை வந்து பாப்போம்" என்றாள் பியாட்ரிஸ்.

வியாழக்கிழமையும் போனார்கள். அதன்பிறகும் பல முறை போனார்கள். அந்த வருஷம் வீடு கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. காஸ்பர், "உனக்கு ஏன் பியா இந்த அலைச்சல், கால் வேற வீங்குது" என்பார். அவள் தலையணையை இழுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு, "சும்மா ஒரு பஸ்தானே" என்பாள். அவர் காப்பி எடுத்துவர உள்ளே போவார். அவர் திரும்பி வருவதற்குள் பெரும்பாலும் தூங்கிப்போயிருப்பாள்.